முட்டுக்காரப் பிள்ளை

"பிள்ளையைச் சரிக்காதேங்கோ, நிமித்தி இருத்துங்கோ!"

பக்கத்தில் இருந்த பெண் போட்ட அதட்டலில் கௌசலா பதறிப்போய் மகன் விஜிதரனைத் தூக்கி மடியில் இருத்தினாள். மல்லாவி கிளினிக்கின் கதவு இன்னும் திறக்கவில்லை. வீதியில் போன உழவு இயந்திரம் கிளப்பிய புழுதியில் பிள்ளைக்கு முட்டு வந்து மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. கழுத்துக்குழி உள்ளே இழுபட, தோள் ஏறி ஏறி இறங்கியது.

"முட்டுக்கு வாயில அடிக்கிற பம்ப் தந்தவையெல்லோ? எங்கை?"

"வீட்டில கிடக்கு, மிஸ். அதை அடிச்சா நெஞ்சு பழுதாப்போமாம், பிறகு அது இல்லாமல் பிள்ளை சீவிக்கேலாதாம் எண்டு அயலுக்கை சொல்லிச்சினம். விழுங்கிற குளிசையா மாத்திக் கேப்பமெண்டு வந்தனான்."

அந்தப் பெண் தன் கைப்பையைத் திறந்தாள். உள்ளிருந்து ஒரு மருந்துப் பெட்டியை எடுத்தாள். மூலைகள் தேய்ந்து வெளுத்திருந்தன. ஒட்டு மட்டும் பிரியவில்லை. அதைக் கிழித்துப் பம்பை வெளியே எடுத்துக் குலுக்கினாள். பையிலிருந்த, அடியில் ஓட்டை வெட்டிய பிளாஸ்டிக் போத்தலில் அதைச் செருகி, போத்தலின் வாயைப் பிள்ளையின் உதட்டில் பொருத்தினாள்.

"ஒருக்கா அடிச்சா அஞ்சு மூச்சு இழுக்கட்டும். பிறகுதான் மற்ற அடி. அவசரப்படக் கூடாது."

ஒவ்வொரு மூச்சையும் அவள் வாய்விட்டு எண்ணினாள்.

கால் மணித்தியாலத்தில் விஜிதரன் தண்ணீர் கேட்டான். கௌசலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"சுகமெண்டு திரும்பிப் போயிடாதேங்கோ, டொக்டரிட்டைக் காட்டுங்கோ. அடுப்புப் புகைக்குக் கிட்டவும் விடாதேங்கோ."

"நீங்கள் இங்கத்தை நேர்ஸ் மிஸ்தானே?"

"இல்லை, நான் ஜெகதீஸ்வரி. கிளினிக் நாளில சும்மா வந்து இருக்கிறனான். என்ர மகளுக்கும் இந்த வருத்தம்தான்."

"அவவுக்கு இப்ப சுகமோ?"

ஜெகதீஸ்வரி குனிந்து விஜிதரனின் சட்டைப் பொத்தானைப் பூட்டினாள்.

"போன மாரி மழையோட போயிட்டாள்."

சண்டையால் பாதை பூட்டி, காய்ச்சலுக்குப் போடும் பனடோலுக்கே வழியில்லாமல் கிடந்த மாரி அது.

"மருந்து கிடைக்கேல்லையோ, அக்கா?"

"மருந்து கிடைச்சது. இந்தப் பெட்டிதான். அடிக்க நான்தான் விடேல்லை."