மாமியார் இன்னும் பேசவில்லை

"ஒரே ஒரு ஆளுக்காக முப்பது பேர் காத்துக்கிடக்கணுமா? இது எந்த ஊர் நியாயம்?"

ஹெட்கிளார்க் இதைக் காலையில் ஒரு தடவை, டீ வேளையில் ஒரு தடவை, கிளம்பும்போது ஒரு தடவை சொல்வார். மூன்று வாரமாக இதே பாட்டு.

அந்த ஒரே ஒரு ஆள், ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதும் பெண். பார்வை கிடையாது. கம்ப்யூட்டர் திரையில் இருப்பதையெல்லாம் ஒரு மென்பொருள் அவளுக்கு வாய்விட்டுப் படித்துச் சொல்லும். அவள் வைத்திருக்கும் வேகத்தில் அதைக் கேட்டால் நமக்குத் தகரத்தில் மழை கொட்டுகிற மாதிரிதான் இருக்கும். அதனால் ஆபீஸ் அவளுக்கு வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். அந்தக் குரலுக்கு அவள் வைத்த பெயர் மாமியார்.

"நாள் பூரா காதுல ஓதிக்கிட்டே இருக்காங்களே, வேற என்ன பேர் வைக்க?"

இப்போது ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் புது சிஸ்டத்துக்கு மாற வேண்டும். அதுவும் ஒரே நாளில். முன்னேற்பாடாக எக்ஸ்பிரஸுக்கு மட்டும் புது சிஸ்டம் போட்ட இன்னொரு மெஷினைக் கொடுத்து சோதிக்கச் சொன்னார்கள்.

மாமியார் வாயே திறக்கவில்லை.

மாமியார் வாயை மூடியதற்கு மருமகள் கவலைப்பட்டது உலகத்திலேயே அங்கேதான்.

"புது வீட்டுக்குக் குடிவந்திருக்காங்க இல்லையா, எந்தக் கதவு எங்கே இருக்குன்னு தெரியாம தடுமாறுறாங்க" என்றாள் எக்ஸ்பிரஸ்.

மென்பொருள் செய்தவர்களுக்குக் குறைகளை எழுதிப் போட்டாள். சரிசெய்து அனுப்பினார்கள். மாமியார் பேசினார். ஆனால் திரையில் எதைக் கண்டாலும் "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்றார். எந்தப் பொத்தான் என்று சொன்னால்தானே! மறுபடி எழுதினாள். மறுபடி வந்தது.

மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது.

"வர்ற வெள்ளிக்கிழமைதான்மா கெடு. அதுக்குள்ள நீ சரின்னு எழுதிக் கொடுக்கலைன்னா நான் புதுசைப் போட்டுடுவேன். உன்னை வரவேற்பு மேஜைக்கு மாத்திடுவேன். அங்கே ஃபோன் எடுத்தா போதும்."

பதினோரு வருஷமாகக் கடிதம் எழுதிய கை. இனி ஃபோன் எடுக்க மட்டும்தானாம்.

"சீக்கிரம் கொடுத்துத் தொலையேன்மா! புதுசுல எழுத்தெல்லாம் பெருசு பெருசாத் தெரியுமாம். மத்தவங்களுக்கு எவ்வளவு சௌகரியம்" என்றார் ஹெட்கிளார்க்.

இவ்வளவு பேசுகிறவர், பதினோரு மணி ஆனால் எக்ஸ்பிரஸ் மேஜைக்கு வந்துவிடுவார்.

"உனக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கேன். பழைய மெஷின்ல மாமியாரைப் படிக்கச் சொல்லு, அதுலயாவது ஒழுங்காப் படிக்கிறாங்களான்னு பார்ப்போம். நான் வேற கண்ணாடியை வீட்டுல மறந்துட்டு வந்துட்டேன்."

எக்ஸ்பிரஸ் குரலின் வேகத்தைக் குறைத்து வைப்பாள். அவர் கை கட்டிக்கொண்டு கேட்பார். "பரவாயில்ல, தேறும்" என்று மார்க் போட்டுவிட்டுப் போவார்.

வியாழக்கிழமை கம்ப்யூட்டர் பிரிவு ஆள் வந்தார்.

"எல்லாப் பொத்தானும் பேர் சொல்லுதே மேடம்! சரின்னு எழுதிடலாமா?"

"இன்னும் ஒண்ணு பாக்கி. மவுஸ் அம்புக்குறியை எந்த வரி மேல வைக்கிறோமோ, அந்த வரியைப் படிக்கணும். பழசுல படிச்சாங்க. புதுசுல படிக்க மாட்டேங்கறாங்க."

ஆபீஸே சிரித்தது. ஹெட்கிளார்க்குத்தான் சிரிப்பு வரவில்லை, கோபம் வந்தது.

"ஏம்மா, நீ மவுஸைத் தொட்டே நான் பார்த்ததில்லையே! எல்லாம் கீபோர்டுலதானே தட்டுவே? வேணும்னே இழுத்தடிக்கிறே!"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவளுடைய மவுஸ் பல வருஷமாக இழுப்பறைக்குள்தான் கிடந்தது.

"நாளைக்குக் கெடு மேடம். சீட்டு போயிடும்" என்று கம்ப்யூட்டர் ஆள் காதோரம் சொன்னார்.

"தெரியும். எழுதிப் போட்டிருக்கேன், வந்துடும்."

வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. எக்ஸ்பிரஸ் இழுப்பறையைத் திறந்து மவுஸை எடுத்தாள். இங்கே அங்கே என்று நகர்த்திப் பார்த்துவிட்டு 'சரி' என்று எழுதிக் கொடுத்தாள். கூடவே ஒரு வேண்டுகோள்.

"எல்லா மெஷின்லயும் மாமியாரைப் போட்டுடுங்க. என் மெஷின் படுத்துடுச்சுன்னா யார் சீட்லயாவது உட்கார்ந்து நான் வேலை பார்க்கணுமே!"

திங்கட்கிழமை முப்பது மெஷினிலும் புது சிஸ்டம். முப்பது மேஜையிலும் ஆளுக்கு ஒரு இயர்போன்.

"என் மேஜைல எதுக்கு இந்த இழவு?" என்று ஹெட்கிளார்க் அதை ஓரமாகத் தள்ளினார்.

பதினோரு மணி ஆனது. எழுந்து வந்தார்.

"புதுசுல மாமியார் எப்படின்னு பார்ப்போமா? ஒரு கடிதம் அனுப்பியிருக்கேன். இன்னிக்குன்னு பார்த்து கண்ணாடியை..."

எக்ஸ்பிரஸ் குரலைத் தாழ்த்தினாள்.

"கண்ணாடி உங்க சட்டைப் பையிலதான் இருக்கு சார். நீங்க நடந்து வரும்போது கூடு கடகடங்குது. எட்டு மாசமா தினமும் கடகடங்குது."

ஹெட்கிளார்க் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார். கண்ணாடி போட்டாலும் எழுத்து தெரியாது என்று கண் டாக்டர் சொன்னதை அவர் வீட்டில்கூடச் சொல்லவில்லை. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

"போய் உங்க சீட்ல உட்காருங்க. அந்த இயர்போனை மாட்டிக்கிட்டு, மவுஸைக் கடிதத்து மேல வைங்க" என்றாள் எக்ஸ்பிரஸ். "உங்க மாமியார் மெதுவாத்தான் பேசுவாங்க, சார். பக்கத்து சீட்டுக்குக்கூடக் கேக்காது."