இரண்டாம் நம்பர் மோட்டார்

ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற மோட்டாரின் பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதோடு அழுத்தினார் மோட்டார்காரர்.

கரகர.

மிக மெல்லிய கரகர. அதிர்வு அளக்கும் கருவியை வைத்தார். அதுவும் அவர் காதுக்கே ஒத்து ஊதியது. பேரிங் இப்போதுதான் கெட ஆரம்பித்திருக்கிறது. இன்றே கழற்றினால் பேரிங்கோடு போகும். விட்டால் மோட்டாரே போகும்.

அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். நெஞ்சில் ஆபரேஷன் செய்துகொண்டு, மாதக்கணக்கில் படுத்துக் கிடந்துவிட்டு வேலைக்கு வந்த முதல் நாள். காதாவது பழுதாகாமல் இருக்கிறதே.

"அப்போ ரெண்டாம் நம்பரை ஓட்டிரலாம்ல?" என்றார் மேனேஜர்.

மோட்டார்காரர் பக்கத்தில் சும்மா நின்ற இரண்டாம் நம்பரைத் திரும்பிப் பார்த்தார்.

பால் குளிரூட்டும் நிலையத்தில் குளிர்நீர் பம்புகள் இரண்டு. ஆளுக்கொரு மோட்டார். ஒன்று ஓடும், மற்றது அவசரத்துக்கு நிற்கும். சும்மா நிற்பதற்கு என்ன கேடு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஓடுகிறவன் போடுகிற ஆட்டத்தில் தரையே அதிரும். நிற்கிறவனின் பேரிங்கில் குண்டுகள் ஒரே இடத்தில் இடித்து இடித்துக் குழி விழும். அது ஓட்டும் நாளில்தான் தெரியும்.

அதனால் வாரத்துக்கு ஒருமுறை, சுவிட்சைப் பூட்டிவிட்டு, நிற்கிற மோட்டாரின் தண்டைக் கையால் கொஞ்சம் திருப்பி வைப்பார். அப்படிச் செய்யச் சொல்லி அவரிடம் யாரும் சொன்னதில்லை. "பிள்ளையைப் புரட்டிப் போடுறாரு" என்று கேலி செய்வார்கள். அவரும் சிரித்துவிட்டுப் போவார், காரணத்தைச் சொல்ல மாட்டார்.

இத்தனை மாதம் யார் திருப்பியிருக்கப் போகிறார்கள்?

தொட்டிகள் நிறையப் பால். இதுவும் மக்கர் பண்ணினால் அத்தனையும் கெட்டுப்போகும். கூடவே அவர் வேலையும் போகும். உடம்பு தேறாத ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தயங்கிய மேனேஜர், இன்று ஒரு நாள் பார்ப்போம் என்றுதான் உள்ளே விட்டிருந்தார்.

மோட்டார்காரர் பட்டனை அமுக்கினார்.

ஒரு முனகல்கூட இல்லை. காதை வைத்துக் கேட்டார். சீரான ரீங்காரம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மேனேஜர் அவர் தோளைத் தட்டி, நாளையிலிருந்து வழக்கம்போல வரச் சொல்லிவிட்டுப் போனார்.

இத்தனை மாதமும் தண்டைத் திருப்பி வைத்த மகராசன் யார் என்று பம்பு ஆபரேட்டரைக் கேட்டார் மோட்டார்காரர்.

"உங்க இடத்துக்குத் தற்காலிகமா வந்த ஆளுதாண்ணே. மோட்டார் பூரா தூசி, தண்டுல மட்டும் கை பட்ட பளபளப்பு இருக்கு, யாரோ காரணத்தோடதான் திருப்பியிருக்காங்கன்னு சொல்லி, வாரா வாரம் திருப்பிட்டு வந்தாரு."

முகம் தெரியாத அந்த மனிதரை வாயார வாழ்த்தினார் மோட்டார்காரர். டாக்டருக்குப் பிறகு இவருக்குத்தான் கும்பிடு போட வேண்டும். இப்போது எந்தப் பிரிவில் இருக்கிறார், கூட்டிப்போ என்றார்.

ஆபரேட்டர் தலையைச் சொறிந்தார்.

இருந்தது ஒரே ஒரு இடம்தானாம். பழைய ஆள் வந்து முதல் நாளே தாக்குப்பிடிக்காவிட்டால், அந்த வேலை உனக்கே என்று அவரிடம் மேனேஜர் சொல்லியிருந்தாராம்.

நேற்று சாயங்காலம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பியவர், பாதி வழியில் திரும்பி வந்து, அந்தத் தண்டைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் போனாராம்.