அக்காவுக்காக நின்ற மிக்சி

சுலோச்சனா நடத்தும் இட்லிப்பொடிக் கம்பெனியில் ஒரு மிக்சியும் ஒரு முக்காலியும் இருந்தன. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், ஒரே ஒரு அறைதான். அன்று காலையிலிருந்தே மிக்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அக்காவைப் பாத்தியா? அம்பதை நெருங்குற உடம்பு. ஃபேன் ஓடும்போதே திடீர் திடீர்னு வேர்த்துக் கொட்டுது. கால் வேற வீங்கியிருக்கு," என்று புலம்பியது.

"அவங்க உட்காரத்தான் என்னை வாங்கினாங்க. ஆறு மாசமாச்சு, ஒரு நாள் உட்கார்ந்திருப்பாங்களா?" என்றது முக்காலி.

"ரொம்ப சூடானா நான் தானா நின்னுடுவேன். அவங்களுக்கு அப்படி ஒரு பட்டன் இல்லையே!"

"அப்போ அவங்களுக்காக நீ நின்னுடேன்."

அடுத்த ஈடு மிளகாயும் பருப்பும் விழுந்ததுமே மிக்சி பட்டென்று நின்றது. முக்காலி கால்களை அழுத்தி ஊன்றிக்கொண்டு காத்திருந்தது.

சுலோச்சனா பதறிப்போய் மிக்சியைத் தொட்டுப் பார்த்தாள். "அடப் பாவமே, விடியற்காலையிலேர்ந்து உன்னை ஓட்டிக்கிட்டே இருக்கேனே!" என்றாள். அதைத் தூக்கி முக்காலியின் மேல் வைத்து, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினாள்.

"அரை மணி நேரம் நிம்மதியா இரு" என்று அதைத் தட்டிக்கொடுத்துவிட்டு, நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்தபடி, நின்றுகொண்டே பாக்கெட்டுகளுக்கு லேபிள் ஒட்ட ஆரம்பித்தாள்.