இருபதில் ஒன்று

நேர்முகத் தேர்வுக்கு வந்த எல்லோரிடமும் மேனேஜர் ஒரே தாளைத்தான் நீட்டினார். சாஃப்ட்வேரில் நடக்கும் இருபது சம்பவங்கள். எதைத் தகவல், எதை எச்சரிக்கை, எதை எரர் என்று பதிவு செய்வீர்கள்? எரர் என்று பதிவானால், பொறுப்பில் இருக்கும் எஞ்சினியரின் போன் உடனே அலறும்.

மற்றவர்கள் எதற்கு வம்பு என்று பதினைந்துக்கு எரர் போட்டிருந்தார்கள். இந்தப் பெண் ஒன்றே ஒன்றுக்குத்தான் போட்டிருந்தாள்.

"பாஸ்வேர்டைத் தப்பா அடிச்சா?"

"தகவல் சார். அதை யாருதான் தப்பா அடிக்கல?"

"டிஸ்க் எண்பது சதவீதம் நிரம்பிட்டா?"

"எச்சரிக்கை. சாயங்காலத்துக்குள்ள பார்த்தா போதும்."

"ஒருத்தரோட விவரம் இன்னொருத்தர் பேர்ல பதிவானா?"

"அதான் எரர். போட்டது போட்டபடி ஓடி வரணும்."

மேனேஜர் அசந்துபோனார். "எங்க சீனியர்களுக்கே இது பிடிபடல. நீங்க அனுபவம் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. எங்கே கத்துக்கிட்டீங்கம்மா?"

"உங்க ஆபீஸ் தயவுலதான் சார்."

"எங்க ஆபீஸா?"

"அந்த அலறுற போன் என் வீட்டுக்காரரோடது. ஆறு வருஷமா அவர் சாப்பிட உட்கார்ந்தாலே அடிக்குது. வந்ததைச் சத்தமா படிப்பாரு, திட்டுவாரு, மறுபடி சாப்பிடுவாரு. தட்டை விட்டு எழுந்து ஓடினது, இப்படி விவரம் ஆள் மாறினப்போ ரெண்டே தடவைதான் சார்."