எந்தப் பல் வலிக்குது?

"வாயைத் திறடி! டாக்டர் என்ன புலியா? வீட்டுல போட்டது போட்டபடி கிடக்கு."

மாமியார் கௌரவ்வா அதட்டியதும் ரேணுகா மெல்ல வாயைத் திறந்தாள். மேலுதடு வீங்கியிருந்தது.

"எப்படி அடிபட்டுது?" கேட்டாள் பல் டாக்டர் வனமாலா.

"நேத்து பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா," என்றான் நாற்காலிக்குப் பின்னால் நின்ற கணவன் ஈரண்ணா.

"மகாராணிக்குக் கண்ணு பிடரியில!" என்றாள் கௌரவ்வா. கர்நாடகத்துக் கதக் ஊரில் அந்த வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு.

டாக்டர் பஞ்சில் குளிர் மருந்தைத் தெளித்து எடுத்தாள்.

"பல்லுல ஜில்லுன்னு வைப்பேன். தெரிஞ்சதும் கையைத் தூக்கும்மா."

பஞ்சு பல்லைத் தொடக்கூட இல்லை. டாக்டரின் கை முகத்தருகே உயர்ந்ததுமே ரேணுகா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நடிப்பைப் பாரு! மானத்தை வாங்கறா," என்றாள் கௌரவ்வா.

டாக்டர் மறுபடி பஞ்சை எடுத்தாள். இந்த முறை கையைத் தாழ்வாகக் கொண்டுவந்தாள். முன்பல்லுக்குப் பக்கத்துப் பல்லில் பஞ்சு பட்டதும் ரேணுகா துள்ளினாள். முன்பல்லில் வைத்தபோது ஒன்றுமே இல்லை.

"ஜில்லுன்னு இருக்கா?"

இல்லை என்று தலையாட்டினாள். அதே பல்லைக் கருவியின் காம்பால் லேசாகத் தட்டியதும் கண்ணீர் பொலபொலவென்று வந்தது.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாள். பக்கத்துப் பல்லின் வேரில் புது விரிசல். அது நேற்றையதாக இருக்கலாம். ஆனால் முன்பல்லின் வேர் நுனியில் கறுப்பாக ஒரு வட்டம். உள்ளே நரம்பு செத்து, சீழ் கட்டி, எலும்பை அரிக்க மாதக்கணக்காகும். நேற்று விழுந்தவளுக்கு இது எப்படி வரும்?

"ரெண்டு பேரும் வெளியில இருங்க. நான் தனியா பார்க்கணும்."

"பல்லுதானே? தனியா என்ன பார்க்கறது?" ஈரண்ணாவின் கை ரேணுகாவின் தோளில் விழுந்தது. அவள் உடம்பு குறுகியது.

"நீ போடா," என்றாள் கௌரவ்வா. "நான் இருக்கேன்ல? இவ ஏதாவது உளறினா என் காதுக்குத் தப்புமா?"

அவன் திருப்தியாகச் சிரித்துவிட்டு வெளியே போனான்.

"உங்களையும்தான் சொன்னேன்," என்றாள் டாக்டர்.

கௌரவ்வா கதவருகே போனாள். வெளியே போகவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். ரேணுகா நாற்காலியோடு ஒட்டிக்கொண்டாள். டாக்டரின் கை போனைத் தேடியது.

"கதவைத் திறங்க! பிள்ளை செய்யறதுக்குக் காவல் இருக்க வெட்கமா இல்லை?"

கௌரவ்வா கிட்டே வந்தாள். குரல் அடியோடு மாறியிருந்தது.

"மெதுவா பேசுங்க தாயீ. வேர் அழுகிப்போச்சு, இன்னைக்கே ஹுப்ளி ஆஸ்பத்திரியில சேர்க்கணும்னு அவன்கிட்ட சொல்லுங்க. நான் கூடப் போறேன்னா விடுவான். அங்கே பஸ் ஸ்டாண்டுல இவ அண்ணன் நிக்கறான்."

"அத்தை... நீங்களா?"

"உன்னைத் திட்டலேன்னா, என்னை நம்பி அனுப்புவானாடி?"

கதவு படபடவென்று தட்டப்பட்டது.

"அம்மா! எதுக்குத் தாழ்ப்பாள்?"

டாக்டர்தான் போய்க் கதவைத் திறந்தாள். "மறுபடி எக்ஸ்ரே எடுத்தேன், யாரும் உள்ளே வரக்கூடாதுன்னுதான் தாழ்ப்பாள். வேர் அழுகியிருக்கு. உடனே ஹுப்ளிக்குக் கொண்டுபோகலேன்னா விஷம் தலைக்கு ஏறிடும்."

"சனியன்! அம்மா, நீயே கூட்டிட்டுப் போய்த் தொலை," என்று முணுமுணுத்தபடி ஈரண்ணா ஆட்டோ பிடிக்கப் போனான்.

ரேணுகாவைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டிருந்த கௌரவ்வாவிடம் டாக்டர் தாழ்ந்த குரலில் கேட்டாள். "பெத்த பிள்ளைக்கு எதிரா... எப்படிம்மா மனசு வந்தது?"

"இவன் அப்பன் என்னை அடிக்கும்போதெல்லாம் என் மாமியார் கதவை வெளியில பூட்டிட்டுக் கோயிலுக்குப் போயிடுவா, தாயீ. நான் உள்ளே இருந்து பூட்டினேன், அவ்வளவுதான்."