பெரிய மேசைக்கு ஓர் அறை

"இடிக்கணுமா? நான் எழுப்பின சுவரை நானே இடிக்கணுமா?"

சிமென்ட் மூட்டையோடு திரும்பி வந்த மேஸ்திரி, கேட்டில் ஒட்டியிருந்த நோட்டீசைப் படித்துவிட்டு வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். தொழிலில் அவருக்குத் 'தூக்குக்குண்டு' என்று பட்டப்பெயர். அவர் வைக்கிற சுவர் ஒரு நூல்கூடக் கோணாது என்பதால் வந்த பெயர் அது. அப்படிப்பட்டவர் கட்டிய சுவர், வீட்டுக்குப் பக்கத்தில் விட வேண்டிய காலி இடத்தில் இரண்டடி நுழைந்துவிட்டதாம். இடித்து உள்ளே தள்ளச் சொல்லி, கட்டட அனுமதி அலுவலகத்திலிருந்து ஆள் வந்து ஒட்டிவிட்டுப் போயிருந்தான்.

வீட்டுக்காரர் பதறவே இல்லை. கட்டட வேலையைப் பார்த்துக்கொள்ள லீவு போட்டிருந்தவர், தானே போட்ட டீயைக் கொண்டுவந்து நீட்டினார்.

"முதல்ல இதைக் குடிங்க மேஸ்திரி."

"டீயா சார் இப்ப முக்கியம்? கரண்டி பிடிக்கத் தெரியாதவன்லாம் 'தூக்குக்குண்டு வச்ச சுவரைப் பிரிச்சுட்டாங்களாமே'ன்னு பல்லைக் காட்டுவான். அடுத்த மாசம் பள்ளிக்கூட வேலை எனக்குத்தான்னு பேசி வச்சிருக்காங்க. இது அவங்க காதுக்குப் போனா அதுவும் கைநழுவிப் போயிடும்."

இத்தனைக்கும் தப்பு மேஸ்திரியுடையது இல்லை. அனுமதி வாங்கிய பிளான்படிதான் அவர் நூல் கட்டினார். 'என் வீட்டுக்காரி வேலையை வீட்டுக்கும் தூக்கிட்டு வர்றா. எல்லாத்தையும் விரிச்சு வைக்க அவளுக்குப் பெரிய மேசையா போடணும். அறைச் சுவரை ரெண்டே ரெண்டு அடி வெளியே இழுத்துடுங்க' என்று நச்சரித்தவர் இந்த மனுஷன்தான். அந்த அம்மாளை மேஸ்திரி இதுவரை கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இவர் வருமுன்னே அந்த அம்மாள் வேலைக்குக் கிளம்பிவிடுவாராம்.

"பள்ளிக்கூடத்துக்காரங்ககிட்ட நானே வந்து சொல்றேன்" என்றார் வீட்டுக்காரர். "நீங்க சரியாத்தான் கட்டினீங்க, இழுத்துவிட்டது நான்தான்னு."

"அது கிடக்கட்டும். யாரு சார் வந்து அளந்தது?"

"அந்த ஆபீசரம்மாதான். நேத்து சாயங்காலம், நீங்க போனப்புறம். டேப்பைப் பிடிச்சு ரெண்டு தடவை அளந்தாங்க."

"ஏன் உள்ள விட்டீங்க? கேட்டைப் பூட்டிட்டு நாளைக்கு வாங்கன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அவங்களைத் தடுக்கிற கேட்டை இன்னும் எவனும் செய்யலை மேஸ்திரி."

சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. மேஸ்திரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் வீட்டை இடிக்கச் சொன்ன ஆபீசருக்கே வக்காலத்து வாங்குகிற ஆளை அவர் இன்றுதான் பார்க்கிறார்.

"சரி, கவுன்சிலரைப் பார்ப்போம். எனக்குத் தெரிஞ்சவர்தான்."

"அவர் மச்சினன் கடைப் படிக்கட்டை ரோட்டுல இறக்கினான். கவுன்சிலரே நேர்ல போய்ச் சொல்லிப் பார்த்தார். அவரை எதிர்ல உக்கார வச்சுக்கிட்டே படிக்கட்டை எடுக்கச் சொல்லி எழுதிட்டாங்க."

"அந்தம்மாவோட மேலதிகாரியைப் பிடிச்சா?"

"அவர் வீட்டுக் கார் ஷெட்டையே பிரிக்க வச்சவங்க. பாவம், இப்ப காருக்குத் தார்ப்பாய் போட்டு மூடுறார்."

மேஸ்திரி குரலைத் தணித்தார். "கொஞ்சம்... கவனிச்சுக்கிட்டா?"

"பழக்கூடையோட போன பெரிய மனுஷன் ஒருத்தர் பழக்கூடையோடயே திரும்பி வந்தார். பின்னாலேயே நோட்டீசும் வந்துச்சு!" வீட்டுக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். "போன வருஷம் பின் தெருவுல தீப்பிடிச்சதே, ஞாபகம் இருக்கா? தீயணைப்பு ஆளுங்க குழாயை இழுத்துக்கிட்டு ஓடினாங்களே ஒரு சந்து, அது அந்தம்மா அடம்பிடிச்சு விட வச்ச இடம். இல்லைன்னா நாலு குடும்பம் வெந்திருக்கும்."

மேஸ்திரிக்கு ஞாபகம் இருந்தது. அந்த நாலு குடும்பத்தில் ஒன்று அவருடைய அக்கா குடும்பம்.

அவர் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். நேராக, அழகாக, ஜன்னல் மட்டம் வரை எழும்பி நின்ற சுவர். அதைத் தடவிப் பார்த்தபோது மனசு கேட்கவில்லை.

"என் பேருக்காகச் சொல்லலை சார். உங்க வீட்டம்மாவுக்குப் பெரிய மேசை போடணும்னு எவ்வளவு ஆசைப்பட்டீங்க! இதை இடிச்சா அதுக்கு இடம் பத்தாதே. கடைசியா ஒண்ணு கேக்கறேன். அந்த ஆபீசரம்மாவுக்குப் புருஷன்னு ஒருத்தர் இருப்பாரில்ல? அவரைப் பிடிச்சு ஒரு வார்த்தை பேசச் சொன்னா என்ன?"

வீட்டுக்காரர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். அவர் நெஞ்சு, அந்தச் சுவரையும் தாண்டி இன்னும் இரண்டடி வெளியே வந்து நின்றது.

"அந்தப் புருஷனும் நேத்து சாப்பிடும்போது பேசிப் பார்த்துட்டான் மேஸ்திரி. என் தட்டுல சோத்தைப் போட்டுக்கிட்டே, 'எனக்குச் சின்ன மேசையே போதும், சுவரை உள்ள தள்ளச் சொல்லுங்க'ன்னுட்டா!"