ஏழாம் கட்டிலின் மணி

ஏழாம் கட்டிலில் ஆளில்லை. மணி மட்டும் நேற்று சாயங்காலத்திலிருந்து விட்டு விட்டு அடித்திருக்கிறது.

“போய் நிறுத்துற பொத்தான அமுக்கிட்டு வந்தா மறுபடியும் அடிக்குது மேடம். அந்தக் கட்டில்ல இருந்த மணியம்மா செத்து ரெண்டு நாளுகூட ஆகல. ராத்திரி பயந்துபோய் போர்டு பிளக்கப் புடுங்கிட்டு கற்பூரம் ஏத்திட்டேன்,” என்றாள் நர்ஸ் இந்திராணி.

அதற்குப் பிறகுதான் வார்டு அமைதியானதாம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டால் எந்தப் பேய்தான் மணியடிக்கும்? கன்னிகா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

திருப்பதியில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு மணி போர்டு செய்து கொடுத்தது, ரேணிகுண்டாவில் அவள் வேலை பார்க்கும் கம்பெனி. போர்டுக்குள் ஓடும் டிரைவர் புரோகிராம் அவள் எழுதியது. தன் பிள்ளைக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொன்னால் எந்தத் தாய் பொறுப்பாள்? முதல் பஸ்ஸிலேயே கிளம்பி வந்துவிட்டாள்.

வாசல் பெஞ்சில் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒருவர், லட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே விடும் நேரத்துக்காக உட்கார்ந்திருந்தார். இந்த ஊரில் மொட்டையை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? அவளும் பார்க்கவில்லை.

லேப்டாப்பைத் திறந்தாள்.

கட்டிலில் இருப்பவர் சுவிட்சை அழுத்தினால் போர்டுக்கு ஓர் இன்டரப்ட் போகும். செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு இங்கே வா என்கிற கூப்பாடு அது. கூப்பிட்டது யார் என்று பார்த்து, அந்தக் கட்டிலின் எண்ணை எரியவிடுவது டிரைவரின் வேலை.

யார் என்று பார்ப்பது. அந்த இடத்தில் அவள் விரல் நின்றது.

ஆபீஸ் மேசையில் சோதித்தபோது ஒரு வயருக்கு ஒரு கட்டிலின் சுவிட்ச் பெட்டிதான் இருந்தது. அதனால் கூப்பிட்டது நீதானா என்று பெட்டியைக் கேட்கும் வரியை அவள் எழுதவே இல்லை. இந்த வயரில் கூப்பாடு வந்தால் ஏழு என்று முடித்துவிட்டாள்.

எழுந்து வயரைக் கையால் தொட்டுக்கொண்டே போனாள்.

அது ஏழாம் கட்டிலோடு முடியவில்லை. சுவரைத் துளைத்து அந்தப் பக்கத்துத் தனியறைக்குள் நுழைந்தது. போன வாரம் புதிதாகச் சேர்த்த அறையாம். எலக்ட்ரீஷியன் இருந்த வயரிலேயே அதையும் இணைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அடித்தது ஏழு இல்லை. எட்டு.

“பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல சிஸ்டர். என் தப்புதான்.”

விட்டுப்போன வரியை எழுதிச் சேர்த்தாள். மனசு லேசானது. தப்பு கிடைத்துவிட்டால் அவளுக்கு நன்றாகப் பசிக்கும். கீழே போய் சூடாக ரெண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பிளக்கைச் சொருகினாள்.

மணி அடித்தது. போர்டில் எட்டு எரிந்தது.

“எட்டுல யாரு சிஸ்டர்?”

“காலியா கீது மேடம்.” இந்திராணியின் குரல் இறங்கிவிட்டது. “பக்கவாதம் வந்த பெரியவரு, வாய் பேச வராது. அவரு புள்ள வேண்டிக்கினு மலைக்குப் போன நேரம், இன்னும் திரும்பல. இன்னிக்கு விடிகாலைல போய்ப் பாத்தா தூக்கத்துலயே உசுரு பூட்டுக்கீது. பாவம், ஒருத்தரையும் கூப்புடல.”

கன்னிகா தான் சொருகிய பிளக்கைப் பார்த்தாள்.

கட்டில் பெட்டிகளுக்குத் தனி பேட்டரி உண்டு. சுவிட்சை ஒருமுறை அழுத்திவிட்டால், யாராவது நேரில் போய் அதே பெட்டியின் நிறுத்தும் பொத்தானை அமுக்கும்வரை கூப்பாட்டை அது விடாது. போர்டு அணைந்து கிடந்தாலும் பிடித்துவைத்திருக்கும். நோயாளியை யாரும் மறந்துவிடக்கூடாது என்று பார்த்துப் பார்த்து அப்படிச் செய்தது.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதை இங்கிருந்தே நிறுத்த அவளுக்குத் தெரியும். கைதான் வரவில்லை.

சத்தம் கேட்டு பெஞ்சில் இருந்தவர் எழுந்து உள்ளே வந்தார். எரியும் எண்ணைப் பார்த்தார். லட்டுப் பையை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

“எட்டு எங்க நைனா கட்டிலாச்சே,” என்றார். “யாரும் போவலியா?”